பூட்டு கோலை விட்டு ஓடினாள்

அந்தக் கால்பந்து அணியில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைத்ததில்லை. சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு பட்டப்பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு பெற்ற தாயே வந்து பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கோல்கீப்பருக்குப் பூட்டு என்று பெயர். பந்து என்னதான் குட்டிக்கரணம் போட்டாலும் அவளைத் தாண்டி வலைக்குள் போகாது. பதினோரு வயதுப் பெண். அணியின் கேப்டனும் அவள்தான்.

அவளுடைய தம்பிக்குப் பெயர் குண்டூசி. பலமாகத் தும்மினால் அவனே பறந்துவிடுவான் போல அவ்வளவு ஒல்லி. அணியில் இருந்தானே தவிர, இதுவரை ஒரு போட்டியிலும் களத்துக்குள் இறங்கியதில்லை.

முன்னால் நின்று கோல் போடுகிறவன் ரேடியோ. பூட்டின் வீட்டுக்குக் கீழ் வீட்டில் இருக்கிறான். நல்ல உயரம். மேலே வரும் பந்தைத் தலையால் முட்டி வலைக்குள் தள்ளுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் வாய் மட்டும் ஓயாது. ஓடிக்கொண்டே தன் ஆட்டத்தைத் தானே வர்ணனை செய்வான். "இதோ வருகிறார் ரேடியோ, எதிரணி நடுங்குகிறது, பறவைகள்கூடப் பறப்பதை நிறுத்திவிட்டன" என்று அவன் சொல்லிக்கொண்டே வர, தடுக்க வருகிறவர்கள் சிரித்துச் சிரித்துக் கால் தடுமாறுவார்கள்.

ஒவ்வொரு ஜோக்குக்குப் பிறகும் ரேடியோ ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்ப்பான். எத்தனை பேர் சிரிக்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் பார்வை அது. அதைக் கவனித்தவள் பூட்டு ஒருத்திதான்.

இவர்களுக்கெல்லாம் பயிற்சி கொடுப்பவர் கோச் அக்கா. பிள்ளைகளுக்கு அடிபடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு விசில் மாமாவுக்கு. அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். மாலையானால் சிவப்பு மேல்சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிடுவார்.

ஷூ கயிறு அவிழ்ந்திருந்தால் விசில். காதில் கம்மல் இருந்தால் விசில். தண்ணீர் குடிக்க மறந்தால் நீளமாக ஒரு விசில்.

"மாமா வீட்டுல பால் பொங்கினாக்கூட அடுப்பை அணைக்க மாட்டாராம். விசில்தான் அடிப்பாராம்" என்பான் ரேடியோ.

விசில் மாமா எல்லாருக்கும் ஒரு சைகையும் சொல்லிக்கொடுத்திருந்தார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பெருக்கல் குறி போல வைக்க வேண்டும்.

"யாருக்காவது ஆபத்துன்னு தோணினா இப்படி வைங்க. பெரியவங்க, சின்னவங்க, யார் வச்சாலும் ஆட்டத்தை நிறுத்தியாகணும். ரெஃப்ரிங்க எல்லார்கிட்டயும் பேசி வச்சிருக்கேன்" என்றார்.

ரேடியோ மறுநாளே அதைப் பயன்படுத்தினான். ஆட்டம் நின்றது. எல்லாரும் பதறி ஓடினார்கள்.

"பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்றான் அவன்.

அன்றிலிருந்து அந்தச் சைகை வெறும் சிரிப்பாகிவிட்டது. அவசரத்துக்குக்கூட அதைக் காட்ட எல்லாருக்கும் வெட்கம்.

இப்படி இருக்கும்போதுதான் இறுதிப் போட்டி வந்தது. எதிரே நின்றது ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து அணி. கோப்பையை ஒவ்வொரு வருடமும் அவர்களே தூக்கிக்கொண்டு போவார்கள். அவர்களுடைய கேப்டன் ஒரு நெட்டைப் பையன். ஏணி என்றால் ஊருக்கே தெரியும்.

முதல் பாதியிலேயே ரேடியோ தலையால் முட்டி ஒரு கோல் போட்டுவிட்டான். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. கொஞ்ச நேரத்தில் ஏணியின் அணியும் ஒரு கோல் போட்டது. ஆளுக்கு ஒன்று.

இடைவேளைக்குச் சற்று முன்னால் பந்து ஒன்று உயரமாக வந்தது. ரேடியோவும் எகிறினான். ஏணியும் எகிறினான். ஏணியின் தோள்பட்டை ரேடியோவின் நெற்றியோரம் 'டங்'கென்று மோதியது.

ரேடியோ விழுந்தான். விழுந்த வேகத்தில் எழுந்து, கூட்டத்தைப் பார்த்துக் குனிந்து வணக்கம் வைத்தான். எல்லாரும் கைதட்டினார்கள்.

எல்லாவற்றையும் பார்க்கும் விசில் மாமா அதை மட்டும் பார்க்கவில்லை. காற்றில் தூக்கிக்கொண்டிருந்த நிழல் பந்தல் சின்னப் பிள்ளைகள் மேல் விழுந்துவிடாமல் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து ஆரஞ்சு தின்றார்கள். ரேடியோ கையில் ஒரு சுளையை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நம்ம கோலை யாரு போட்டது?" என்று கேட்டான்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"நீதான்டா போட்ட" என்றாள் சக்கரம். இறக்கை கட்டிக்கொண்டு ஓடும் பெண் அவள்.

"நானா? எப்ப?"

மறுபடியும் சிரிப்பு. ஒருவன் சிரிப்பில் ஆரஞ்சுக் கொட்டையை விழுங்கிவிட்டு இருமினான்.

பூட்டு சிரிக்கவில்லை. அவள் ரேடியோவின் கண்களைப் பார்த்தாள். அவன் யாரையும் ஓரக்கண்ணால் பார்க்கவில்லை. கணக்கெடுக்கவில்லை. நிஜமாகவே பதிலுக்காகக் காத்திருந்தான்.

அவள் அவன் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"தலை வலிக்குதா?"

"இல்லையே."

"அப்புறம் ஏன் கண்ணைச் சுருக்கிக்கிற?"

"வெயில் கூசுது."

பூட்டு அண்ணாந்து பார்த்தாள். வானம் முழுக்க மேகம்.

அவள் எழுந்து போய் கோச் அக்காவிடம் சொன்னாள். அக்கா உடனே வந்து ரேடியோவின் முன்னால் குனிந்தார்.

"நல்லா இருக்கியாடா? ஏதாவது பண்ணுதா?"

ரேடியோ விறைப்பாக எழுந்து நின்றான். "ஜம்முனு இருக்கேன் அக்கா. வேணும்னா தலைகீழா நின்னு காட்டவா?"

வட்டம் முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்துவிட்டார். "வாய் இவ்வளவு வேலை செய்யுதுன்னா மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்று அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

ரேடியோ பூட்டின் பக்கம் திரும்பினான். அவன் முகத்தில் அவள் இதுவரை பார்த்திராத ஒரு கோபம்.

"எனக்குத் தெரியும். நான் வெளியே உக்காந்தா குண்டூசி உள்ளே வருவான். அதுக்குத்தானே?"

பூட்டுக்கு ஓங்கி அறைந்தது போல இருந்தது. மாற்று ஆட்டக்காரன் குண்டூசி ஒருவன்தான். போன வாரம் அவள் எல்லார் முன்னாலும் கோச் அக்காவிடம், "தம்பியையும் ஒரு தடவை இறக்கிப் பாருங்களேன்" என்று கேட்டிருந்தாள். அதை எல்லாரும் கேட்டிருந்தார்கள்.

அவள் கையுறையை மாட்டிக்கொண்டு தன் கோலுக்குப் போனாள்.

இரண்டாம் பாதி தொடங்கியது. பந்து ரேடியோவின் காலுக்கு வந்ததும் அவன் அதைத் தள்ளிக்கொண்டு நேராகப் பூட்டை நோக்கி ஓடி வந்தான். தன் கோல் எது, எதிரணிக் கோல் எது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

"டேய், அந்தப் பக்கம்" என்று சக்கரம் கத்தினாள்.

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ரேடியோ வேடிக்கை காட்டுகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஒரு பையன் எப்போதும் சிரிக்க வைப்பவனாக இருந்தால் இது ஒரு தொல்லை. அவன் தண்ணீரில் தத்தளித்தாலும் நடிக்கிறான் என்பார்கள்.

சிறிது நேரத்தில் பூட்டின் அணிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. மைதானத்தின் அந்தக் கோடியில், மூலையில் பந்தை வைத்துவிட்டுச் சக்கரம் பின்னால் நகர்ந்தாள். உயரமாக அடிப்பாள். ரேடியோ தலையால் முட்டுவான். இதுதான் அவர்களுடைய வழக்கம். இப்படித்தான் அவர்கள் இறுதிப் போட்டி வரை வந்திருந்தார்கள்.

பூட்டு இந்தக் கோடியிலிருந்து பார்த்தாள். ரேடியோ எதிரணியின் கோல் கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் வாய் மூடியிருந்தது. கார்னர் என்றால் அவன் வர்ணனை மைதானத்துக்கே கேட்கும். இன்று சத்தமே இல்லை.

'நான் நினைக்கிறது தப்பா இருந்தா ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கும். அவன் என்கூடப் பேசவே மாட்டான்' என்று நினைத்தாள்.

'சரியா இருந்தா?'

அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பெருக்கல் குறி வைத்தாள்.

யாரும் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்களும் கார்னர் பக்கம் இருந்தன. விசில் மாமா பார்வையாளர் பக்கம் திரும்பி, கோட்டைத் தாண்டி வந்த ஒரு தாத்தாவைப் பின்னால் போகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பூட்டு ஓடினாள்.

கோலைத் திறந்து போட்டுவிட்டு ஒரு கோல்கீப்பர் ஓடுவதே அபூர்வம். அதிலும் கைகளைத் தலைக்கு மேலே பின்னிக்கொண்டு ஓடுவது அவ்வளவு சுலபமில்லை. அப்படியும் இப்படியும் ஆடியபடி, கொடியிலிருந்து பிய்த்துக்கொண்ட துணி போல அவள் மைதானத்தின் நடுவே ஓடி வந்தாள்.

"நிறுத்து. சக்கரம், அடிக்காதே."

சக்கரம் காலைத் தூக்கிவிட்டாள். அந்த நொடியில்தான் தன் கேப்டன் ஓடி வருவது கண்ணில் பட்டது. தூக்கிய காலை மெல்லப் பந்தின் மேலேயே வைத்து நிறுத்தினாள்.

நடுவர் விசில் ஊதினார்.

"என்னம்மா இது? கோல்கீப்பருக்கு இங்க என்ன வேலை?"

"சார், ரேடியோவுக்குத் தலையில அடிபட்டிருக்கு. அவனுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. பாருங்க சார், கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்."

கூட்டத்திலிருந்து முணுமுணுப்பு எழுந்தது. "நல்ல கார்னரைக் கெடுத்துட்டாளே" என்றார் ஒருவர். இன்னொருவர், "தம்பியை இறக்கத்தான் இந்த நாடகமெல்லாம்" என்றார். அது பூட்டின் காதில் தெளிவாக விழுந்தது.

அவள் மூச்சு வாங்கியபடியே கோச் அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, குண்டூசியை இறக்க வேண்டாம். ஒரு ஆள் குறைவாவே ஆடறோம். தோத்தாலும் பரவாயில்லை. ஆனா ரேடியோ ஆடக் கூடாது."

முணுமுணுத்தவர் வாயை மூடிக்கொண்டார்.

விசில் மாமா ஓடி வந்தார். முதல் முறையாக அவர் விசிலைத் தொடவே இல்லை. ரேடியோவை மெதுவாக உட்கார வைத்து, எதிரே தானும் உட்கார்ந்தார்.

"ராஜா, நாம இன்னிக்கு யார்கூட ஆடறோம்?"

ரேடியோ சிரித்தான். "மார்க்கெட் டீம் கூடத்தானே மாமா?"

மார்க்கெட் அணியோடு ஆடியது போன மாதம்.

"சரி, ஸ்கோர் என்ன?"

ரேடியோவின் சிரிப்பு மெல்லக் கரைந்தது. சுற்றி நிற்கும் முகங்களில் ஒரு முகத்தைத் தேடினான்.

"பூட்டு, ஸ்கோர் என்ன? எனக்கு... எனக்குத் தெரியலை. தலை சுத்துது."

சொல்லிவிட்டு, தின்ற ஆரஞ்சையெல்லாம் புல்லில் வாந்தி எடுத்தான்.

கூட்டத்தில் இருந்த ரேடியோவின் அம்மா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்தார். பூட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் அதை விடவில்லை. விசில் மாமா தன் வண்டியைக் கோட்டருகே கொண்டுவந்து, கதவைத் திறந்து, அவனைத் தாங்கி ஏற்றும் வரை விடவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு நான் கூடப் போறேன். நீங்க இங்க பாத்துக்குங்க" என்று கோச் அக்காவிடம் சொல்லிவிட்டு மாமா வண்டியைக் கிளப்பினார்.

கோச் அக்கா பூட்டின் தோளில் கை வைத்தார். "நீ முதல்ல வந்து சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்" என்றார். பிறகு பெஞ்சுப் பக்கம் திரும்பி, "குண்டூசி, இறங்கு" என்றார்.

குண்டூசி உதட்டைப் பிதுக்கினான். "அக்காதான் நான் வேண்டாம்னு ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லிட்டாளே."

"அவ கேப்டன். நான் கோச். வா."

குண்டூசி வந்தான். வந்து நின்று ஏணியைப் பார்த்தான். ஏணியின் இடுப்பு உயரம்தான் இருந்தான்.

"அக்கா, பந்து என் தலைக்கு எட்டவே எட்டாதே" என்றான் மெல்ல.

பூட்டு அவனைப் பார்த்தாள். பிறகு எதிரணியைப் பார்த்தாள். எல்லாரும் நெட்டை நெட்டையாக, கார்னர் வரும் என்று அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார்கள். அவளுக்குச் சட்டென்று ஒன்று பிடிபட்டது.

அணியை அருகே இழுத்தாள்.

"இனிமே பந்து மேலே போகவே கூடாது. தரையிலேயே உருட்டுங்க. அவங்க எல்லாரும் வானத்தையே பாத்துப் பழகிட்டாங்க. குண்டூசி எங்க இருக்கான்னு கண்டுபிடிக்கவே அவங்களுக்கு நேரமாகும்."

ஆட்டம் மறுபடி தொடங்கியது. சக்கரம் கார்னரைத் தரையோடு உருட்டினாள். எதிரணி திகைத்தது. பந்து கோல் வரை போகவில்லை என்றாலும், எல்லாரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு திரும்பியதைப் பூட்டு பார்த்தாள். யோசனை சரிதான்.

ஆனால் ஏணி லேசுப்பட்டவன் இல்லை. பந்தைப் பறித்துக்கொண்டு, இரண்டு பேரைத் தாண்டி, நேராகப் பூட்டை நோக்கி வந்தான். ஓங்கி ஓர் உதை. பந்து வலது மூலைக்குப் பாய்ந்தது.

பூட்டு பறந்தாள். விரல் நுனியில் பந்து பட்டது. கம்பத்தில் அடித்து, அவள் நெஞ்சுக்கே திரும்பி வந்தது. இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"குண்டூசி" என்று கூப்பிட்டுக்கொண்டே பந்தை உருட்டிவிட்டாள்.

குண்டூசி ஓடினான். ஒருவன் குறுக்கே வந்தான், அவன் கைக்கு அடியிலேயே புகுந்து போய்விட்டான். இன்னொருவன் வந்தான், குண்டூசி எங்கே போனான் என்று தேடி ஒரு முழுச் சுற்றுச் சுற்றினான். கடைசியில் ஏணியே திரும்பி ஓடி வந்து கால்களை அகட்டி மலை போல வழிமறித்தான்.

குண்டூசி தானே கோல் போட ஆசைப்படவில்லை. ஏணியின் இரண்டு கால்களுக்கு நடுவே பந்தை மெல்லத் தட்டிவிட்டான். பந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது அங்கே சக்கரம் இருந்தாள்.

ஒரே உதை. வலை குலுங்கியது.

அதற்குப் பிறகு எதிரணி எவ்வளவோ முயன்றது. பூட்டு திறக்கவே இல்லை. நடுவர் கடைசி விசிலை ஊதியபோது குண்டூசி எல்லாருடைய தோள் மேலும் இருந்தான். தோள்தான் மாறிக்கொண்டே இருந்தது, அவன் தரைக்கு வரவேயில்லை.

ஏணி பூட்டிடம் வந்தான்.

"அவன் எப்படி இருக்கான்? என் தோள்தான் இடிச்சுது. எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு. கேக்கத் தோணலை."

"இனிமேதான் தெரியும். தெரிஞ்சதும் உனக்குச் சொல்லியனுப்பறேன்" என்றாள் பூட்டு.

புகைப்படக்காரர் கேமராவோடு வந்தார். "எல்லாரும் கோப்பையைச் சுத்தி நில்லுங்க. சீக்கிரம், வெளிச்சம் போகுது."

"இன்னிக்கு வேண்டாம் அண்ணா. எங்கள்ல ஒரு ஆள் குறையுது" என்றாள் பூட்டு.

அவர் முனகிக்கொண்டே கேமராவைப் பைக்குள் வைத்தார்.

விசில் மாமாவின் போன் வருவதற்குள் எல்லாரும் நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டார்கள். மூளை உள்ளுக்குள்ளே கொஞ்சம் குலுங்கியிருக்கிறதாம். ஓய்வு எடுத்தால் முழுக்கச் சரியாகிவிடுமாம். ஆனால் அதே தலையால் இன்னொரு முறை முட்டியிருந்தால் பெரிய ஆபத்தாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். சரியான நேரத்தில் வெளியே கொண்டுவந்தது யார் என்றும் கேட்டாராம்.

மறுநாள் பூட்டு கீழ் வீட்டுக்குப் போனாள். படி இறங்கும்போது கால் கொஞ்சம் தயங்கியது. 'அந்தக் கோபம் இன்னும் இருக்குமோ?'

அறையில் திரைச்சீலை இழுத்துவிடப்பட்டிருந்தது. டிவி கிடையாது, போன் கிடையாது, ஓட்டம் கிடையாது. ரேடியோ தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"ஜெயிச்சுட்டோமாமே" என்றான் மெதுவான குரலில்.

"ஜெயிச்சுட்டோம்."

"எனக்கு இடைவேளையே ஞாபகம் இல்லை. நான் உன்கிட்ட ஏதோ மோசமா சொன்னேன்னு சக்கரம் சொன்னா. என்ன சொன்னேன்?"

பூட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். திரைச்சீலையின் ஓரத்தைச் சரி செய்தாள்.

"எனக்கும் ஞாபகம் இல்லை."

"ஐயையோ, உனக்கும் தலையில அடியா?"

அவள் சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டு, தலை வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டான். பிறகு, "நல்லவேளை நீ ஓடி வந்த" என்றான். அதை மட்டும் வேடிக்கை இல்லாமல் சொன்னான்.

டாக்டர் சரி என்று சொல்லும் வரை அவன் மைதானத்துக்கு வரவில்லை. வந்த முதல் நாள் எல்லாரும் கோப்பையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். புகைப்படக்காரரும் வந்திருந்தார். ரேடியோவை நடுவில் நிறுத்தினார்கள். முன்வரிசையில் குண்டூசி. பக்கத்தில் பூட்டு.

"ரெடியா? யாரும் அசையாதீங்க" என்றார் புகைப்படக்காரர்.

ரேடியோ கோப்பையை வாங்கி, ராஜா கிரீடம் வைப்பது போலத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டான்.

"தலையில வைக்காதேடா" என்று அலறிக்கொண்டு விசில் மாமா குறுக்கே பாய்ந்தார். அதே நொடியில் கேமரா 'கிளிக்'கென்றது.

கிளப் அறையின் சுவரில் அந்தப் படம்தான் தொங்குகிறது. அதில் கோப்பை பாதிதான் தெரியும். விசில் மாமாவின் சிவப்பு மேல்சட்டை கலங்கலாக ஒரு கோடு போலத் தெரியும். மற்றபடி எல்லாருடைய பற்களும் ஒன்றுவிடாமல் தெரியும்.